ஜப்பானில் பெயர்பெற்ற சுஷிக் கடைகள்: மணிக்கணக்கில் வரிசையில் நிற்பது தகுமா?

நெடுவழி எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். வரும் டிசம்பரில் நானும் என் துணைவியாரும் டோக்கியோவுக்கும், அங்கிருந்து கனசாவாவுக்கும் செல்லவிருக்கிறோம். கையால் பிடித்த சோற்றின்மேல் மீன் வைத்துத் தரும் சுஷியை நல்ல கடையில் உண்ண வேண்டும் என்பது எங்கள் இருவருக்கும் நெடுநாள் ஆசை. ஆனால் பயணக் குறிப்புகளை எடுத்துப் படித்தால், அவை திரும்பத் திரும்ப ஒரு சில கடைகளையே சுட்டுகின்றன. தொயோசு மீன் சந்தையில் உள்ள சுஷி தாய், தாய்வா சுஷி, டோக்கியோ ரயில் நிலையத்தை ஒட்டிய கிட்டே கட்டடத்தில் உள்ள நெமுரோ ஹனமாரு ஆகியவற்றின் பெயர்கள் இல்லாத குறிப்பே இல்லை எனலாம். இவற்றில் இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம் காத்திருந்து உண்டதாகப் பலரும் பெருமையோடு எழுதுகிறார்கள்.

பசியைப் பொறுத்துக்கொள்வது எங்களுக்குப் பெரிதல்ல. அந்த நேரத்தை இழப்பதுதான் உறுத்துகிறது. டோக்கியோவில் எங்களுக்குக் கிடைப்பதோ சில பகல்கள்தாம். அவற்றில் ஒரு காலைப்பொழுதை முழுவதுமாக ஒரு கடையின் வாசலில் கழிப்பது முறையா என்று தெரியவில்லை. வரிசை நீளமாக இருப்பதே தரத்துக்குச் சான்று என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். அந்த வரிசையில் நிற்பவர்கள் எல்லாரும் பயணிகளே, உள்ளூர் மக்கள் அந்தப் பக்கம் வருவதே இல்லை என்று மற்றொரு சாரார் சொல்கிறார்கள். நின்று உண்டவர்களும், நிற்காமல் வேறு இடம் தேடிக்கொண்டவர்களும் காரணத்தோடு எழுதினால் பேருதவியாக இருக்கும்.

அலைமகள் எழுதியது:

வரிசையின் நீளத்தை வைத்து உணவின் தரத்தை முடிவு செய்வதை நான் ஏற்பதில்லை. சுஷிக் கடையைப் பொறுத்தவரை இது இன்னும் உண்மை. சந்தைக்குள் இருக்கும் கடைகள் மிகச் சிறியவை. கவுன்ட்டரில் பத்துப் பன்னிரண்டு பேர் தோளோடு தோள் உரச அமர்ந்தால் கடை நிறைந்துவிடும். பன்னிரண்டு இருக்கைகள், ஒரு சுற்றுக்கு முக்கால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு முன்னால் நாற்பத்தெட்டுப் பேர் நின்றால் நான்கு சுற்றுகள் முடிய வேண்டும். அதற்கே மூன்று மணி நேரம் போய்விடும். நாற்பத்தெட்டுப் பேர் என்பது உலகெங்கிலுமிருந்து மக்கள் வந்து குவியும் ஒரு நகரத்தில் கூட்டமே அல்ல. அதே தரத்தில், அதே பன்னிரண்டு இருக்கைகளோடு, முன்பதிவு மட்டும் ஏற்கும் கடை ஒன்று பக்கத்துத் தெருவில் இருந்தால் அதன் வாசலில் ஒருவர்கூட நிற்க மாட்டார். எனவே வரிசை நமக்குச் சொல்வது, அந்தக் கடை சிறியது, முன்பதிவு பெரும்பாலும் இல்லை, அதன் பெயர் பயணிகளுக்குத் தெரிந்திருக்கிறது என்பதை மட்டுமே. மீனைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

சந்தைக் கடைகளுக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1935-இல் திறக்கப்பட்ட சுகிஜி சந்தையின் உட்பகுதியில், மீன் ஏற்றிய சிறு வண்டிகள் குறுக்கும் நெடுக்கும் ஓடிக்கொண்டிருந்த சந்துகளுக்கு நடுவேதான் இந்தக் கடைகள் இருந்தன. சந்தைத் தொழிலாளர்கள் வேலை முடித்து உண்டுவிட்டுப் போகும் இடங்களாக இருந்தவை, மெல்ல மெல்லப் பயணிகளின் கனவாக மாறின. அந்தக் காலத்தில் விடியும் முன் சென்று, சந்தை இயங்குவதைப் பார்த்துக்கொண்டே நிற்பது தனி அனுபவமாக இருந்திருக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் 2018 அக்டோபர் 6 அன்று அந்த உட்சந்தை மூடப்பட்டு, அக்டோபர் 11 அன்று தொயோசுவில் புதிய சந்தை திறக்கப்பட்டது. கடைகளும் அங்கே இடம்பெயர்ந்தன. இப்போது நீங்கள் நிற்கப்போவது தூய்மையான, அகன்ற, நவீனக் கட்டடம் ஒன்றின் நடைவழியில். சுற்றிலும் பார்ப்பதற்கு ஏதுமில்லை. சந்தையின் இரைச்சலும் ஈரமும் சுவருக்கு அப்பால் இருக்கின்றன. சூரை மீன் ஏலத்தைக்கூடக் கண்ணாடிக்குப் பின்னிருந்தோ, குலுக்கலில் பெயர் வந்தால் கீழ்த்தள மேடையிலிருந்தோதான் பார்க்க முடியும். சுகிஜியில் இன்றும் இயங்குவது வெளிச்சந்தை மட்டுமே. அது சுற்றிப் பார்க்க இனிய இடம் என்றாலும் அங்கே மொத்த வணிக ஏலம் கிடையாது.

அடுத்தது, சந்தைக்குள் இருப்பதால் மீன் புத்தம் புதிதாக இருக்கும் என்ற எண்ணம். தொயோசுவில் விடியற்காலை விற்பனையாகும் மீன், இடைநிலை வணிகர்கள் வழியாக அன்று காலையிலேயே நகரெங்கும் உள்ள சுஷிக் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. டோக்கியோவின் ஆடம்பரக் கடைப்பகுதியான கின்சாவில் உள்ள கடைக்கும் ஏதோ ஒரு புறநகர் ரயில் நிலையத்தின் பின்தெருவில் உள்ள கடைக்கும் அதே சந்தைதான் ஊற்று. மேலும் எடோ (டோக்கியோவின் பழைய பெயர்) மரபுச் சுஷியின் சிறப்பே மீனை அப்படியே வெட்டி வைப்பதில் இல்லை. பெரிய நீலத்துடுப்புச் சூரையைப் பல நாட்கள் குளிரில் வைத்துப் பதப்படுத்தினால்தான் அதன் சுவை கூடுகிறது. கொஹாதா என்னும் சிறு வெள்ளிநிற மீனை உப்பிலும் காடியிலும் ஊறவைக்கிறார்கள். கடல் விலாங்கை மெல்ல வேகவைக்கிறார்கள். வெள்ளை மீன் வகைகளைக் கடற்பாசி இலைகளுக்கு இடையில் அடுக்கி வைக்கிறார்கள். நொடிப்பொழுதில் கடலிலிருந்து வாய்க்கு வர வேண்டிய உணவன்று இது. அப்படியிருக்க, சந்தைக்கு நூறு மீட்டர் அருகில் இருப்பதற்காக மூன்று மணி நேரம் கொடுப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

விடியல் எழுதியது:

அலைமகள் அவர்கள் எழுதியதைக் கவனமாகப் படித்தேன். இருக்கைக் கணக்கையும் மீனின் பயணத்தையும் நான் மறுக்கப்போவதில்லை. ஆனால் அவர் எடுத்துக்காட்டிய முன்பதிவுக் கடை யாருக்குத் திறந்திருக்கிறது என்ற கேள்வியை அவர் தொடவே இல்லை. அந்த வரிசையில் நான் மனமுவந்து நின்றிருக்கிறேன், இனியும் நிற்பேன். ஏன் என்று சொல்கிறேன்.

டோக்கியோவின் உயர்தரச் சுஷிக் கடைகளில் முன்பதிவு என்பது எளிதான செயல் அல்ல. கின்சாவில் உள்ள சுகியாபாஷி ஜிரோவை எடுத்துக்கொள்ளுங்கள். 1925-இல் பிறந்த ஜிரோ ஓனோ அவர்களின் அந்தக் கடையில் பத்து இருக்கைகளே உண்டு. பல ஆண்டுகளாக அதற்கு மூன்று நட்சத்திரங்கள் அளித்துவந்த, உணவகங்களைத் தரப்படுத்தும் மிஷ்லின் வழிகாட்டி, 2019 இறுதியில் வெளியிட்ட பதிப்பிலிருந்து அதை நீக்கியது. தரம் குறைந்ததால் அல்ல. பொதுமக்களின் முன்பதிவை அந்தக் கடை ஏற்பதில்லை என்பதால். இது உச்சி நிலை. அதற்குக் கீழே உள்ள நல்ல கடைகளில்கூட, சிலவற்றுக்கு ஜப்பானியத் தொலைபேசி எண் வேண்டும், சிலவற்றுக்குத் தங்கும் விடுதியின் வரவேற்பாளர் அழைத்துப் பேச வேண்டும், சிலவற்றுக்கு வாரக்கணக்கில் முன்னதாகவே இணையத்தில் அட்டை எண்ணைக் கொடுக்க வேண்டும். வர இயலாமற்போனால் முழுக் கட்டணமும் போகலாம். இரவு உணவுக்கு ஒருவருக்கு முப்பதாயிரம் யென்னைத் தாண்டுவது அங்கே இயல்பு.

சந்தை வரிசையில் இந்தத் தடைகள் எதுவும் இல்லை. யாருடைய அறிமுகமும் வேண்டியதில்லை. மொழி தெரிந்திருக்க வேண்டியதில்லை. முன்னதாக வந்தவர் முன்னதாக அமர்கிறார். பணத்துக்குப் பதிலாக நேரத்தைக் கொடுக்கிறோம். பணம் குறைவாகவும் பொறுமை மிகுதியாகவும் உள்ள பயணிக்கு இதைவிட நேர்மையான வாயில் வேறில்லை. கின்சாவின் இரவு விலையில் ஒரு சிறு பகுதியைக் கொடுத்து, பல்லாண்டுப் பயிற்சி பெற்ற ஒருவர் கண்ணெதிரே பிடித்து வைக்கும் சுஷியை, அவர் வைத்த கணத்திலேயே எடுத்து உண்ண முடிகிறது.

அந்தக் கணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் இதை மீனைப் பற்றிய விவாதமாக மட்டும் கருதுவது சரியாகாது என்பது என் கருத்து. சுஷியின் உயிர் சோற்றில்தான் இருக்கிறது. நன்கு தேர்ந்தவர் பிடிக்கும்போது பருக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டியும் ஒட்டாமலும், நடுவே காற்று நிற்குமாறு அமைகின்றன. மேலே மெல்லிய சோயாச் சாறு பூசி அதைக் கட்டையின்மேல் வைத்தவுடன் உற்றுப் பாருங்கள். மீனின் எடையால் சோறு ஓர் இழை அளவு தானாகக் கீழே அமிழும். சோறு உடல் வெப்பத்தில் இருக்கும், மீன் அதைவிடச் சற்றுக் குளிர்ந்திருக்கும், வாயில் வைத்ததும் இரண்டும் ஒன்றாகும். ஒரு நிமிடம் தாமதித்தால் இது கெட்டுவிடும். பெட்டியில் அடைத்து வாங்கினாலோ தட்டில் மொத்தமாக அடுக்கி வந்தாலோ இது கிடைக்காது. இதற்காக நான் நிற்கிறேன். கடை சந்தைக்கு அருகில் இருக்கிறதா, தொலைவில் இருக்கிறதா என்பது எனக்கும் பொருட்டல்ல.

கயல்விழி எழுதியது:

இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இருவரும் நின்றுகொண்டே காத்திருப்பதைப் பற்றி மட்டுமே பேசுகிறீர்கள். நெடுவழி அவர்கள் குறிப்பிட்ட நெமுரோ ஹனமாரு முற்றிலும் வேறு வகை. அது ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவின் கிழக்கு முனையில் உள்ள நெமுரோவிலிருந்து வளர்ந்த, சுஷித் தட்டுகள் நகரும் பட்டையில் சுற்றி வரும் சுழல்பட்டைச் சுஷிக் கடை. இந்த வகைக் கடைகளில் காத்திருப்பின் தன்மையே வேறு என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

வாசலில் ஓர் இயந்திரம் இருக்கும். அதில் எத்தனை பேர், கவுன்ட்டர் வேண்டுமா, மேசை வேண்டுமா, எதுவானாலும் சரியா என்று தெரிவு செய்தால் எண் அச்சிட்ட சீட்டு வெளிவரும். பல இடங்களில் அந்தச் சீட்டில் உள்ள குறியீட்டைக் கைப்பேசியால் படம்பிடித்தால், உங்களுக்கு முன்னால் இன்னும் எத்தனை குழுக்கள் இருக்கின்றன என்பதை வெளியே எங்கிருந்தும் பார்த்துக்கொள்ளலாம். சீட்டை எடுத்துக்கொண்டு நீங்கள் போய்விடலாம். கிட்டே கட்டடத்திலுள்ள கிளையில் சீட்டு எடுத்தால், கீழே இறங்கிச் செங்கல்லால் கட்டிய பழைய டோக்கியோ நிலையத்தின் முகப்பைச் சுற்றிப் பார்த்து, அரண்மனை அகழி வரை நடந்துவிட்டும் வரலாம். சப்போரோவில் ரயில் நிலையத்தோடு இணைந்த வணிக வளாகத்தில் உள்ள கிளையும் அப்படியே. டோக்கியோ ஸ்கைட்ரீ கோபுரத்தின் அடியில் உள்ள சொலமாச்சி வளாகத்தில் தொரிட்டோன் என்ற மற்றொரு ஹொக்கைடோக் கடையின் கிளை இருக்கிறது. அங்கே சீட்டு எடுத்துவிட்டு, காத்திருக்கும் நேரத்தில் கோபுரத்தையே பார்த்துவிட்டு வருபவர்கள் உண்டு. இதைக் காத்திருப்பு என்று சொல்வதே மிகை.

இரண்டு எச்சரிக்கைகள் மட்டும் சொல்கிறேன். எண்ணை அழைக்கும்போது நீங்கள் அங்கே இல்லாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும்; பணியாளர் பெரும்பாலும் ஜப்பானிய மொழியில்தான் அழைப்பார் என்பதால் திரையில் கண் வைத்திருங்கள். மேலும், இருவராகச் சென்றால் மேசைக்காகக் காத்திருக்காதீர்கள். குடும்பத்தோடு வருபவர்கள் எல்லாரும் மேசையையே கேட்பதால் கவுன்ட்டர் வேகமாக நகரும்.

இந்தக் கடைகளைத் தாழ்வாக எண்ண வேண்டியதும் இல்லை. 1958-இல் கிழக்கு ஒசாகாவில் யோஷியாகி ஷிராய்ஷி முதல் சுழல்பட்டைக் கடையைத் திறந்தபோது அவருடைய நோக்கம், எளிய மக்களும் சுஷி உண்ண வேண்டும் என்பதே. பீர் ஆலை ஒன்றில் புட்டிகள் பட்டையில் நகர்வதைப் பார்த்து அவருக்கு இந்த எண்ணம் தோன்றியது. இன்று சுஷிரோ, குரா சுஷி, ஹமா சுஷி போன்ற பெருந்தொடர்கள் நாடெங்கும் இருக்கின்றன. 2022 அக்டோபரில் சுஷிரோ தன் மிகக் குறைந்த தட்டின் விலையை 120 யென்னாக உயர்த்தியபோது அது நாட்டளவில் செய்தியானது என்பதிலிருந்து, இந்த உணவு அம்மக்களின் அன்றாடத்தோடு எவ்வளவு கலந்தது என்பது விளங்கும். ஹொக்கைடோ, கனசாவா போன்ற கடலோர ஊர்களிலிருந்து வந்த கடைகள் இந்தப் பெருந்தொடர்களைவிட விலையில் சற்று உயர்ந்தவை, மீனில் நன்றாகவே உயர்ந்தவை. பட்டையில் வருவதை எடுக்காமல், வேண்டியதைச் சொன்னாலோ எழுதிக் கொடுத்தாலோ, அங்கேயும் கண்ணெதிரே பிடித்துத் தருவார்கள். விடியல் அவர்கள் வருணித்த நுட்பம் அதில் முழுமையாக இருக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பயணத்தில் ஒரு வேளை உணவுக்கு அது நிறைவளிக்கும்.

நெடுவழி எழுதியது:

மூவருக்கும் நன்றி. ஒன்றை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். துணைவியாருக்கு முழங்காலில் வலி இருப்பதால் ஒரே இடத்தில் நெடுநேரம் நிற்க இயலாது; நடப்பதில் சிரமம் இல்லை. அவர் எங்கேனும் அமர்ந்திருக்க, நான் மட்டும் வரிசையில் நின்று இருவருக்கும் இடம் பிடிக்கலாமா? கனசாவா பற்றி யாரேனும் எழுதினாலும் நலம்.

தேனருவி எழுதியது:

ஒருவர் நின்று மற்றவருக்காக இடம் பிடிப்பதைப் பல கடைகள் அனுமதிப்பதில்லை. எல்லாரும் வந்து சேர்ந்த பிறகே உள்ளே விடுவோம் என்று வாசலிலேயே எழுதி வைத்திருப்பார்கள். கடை தடுக்காவிட்டாலும், பின்னால் நிற்பவர்களுக்கு அது வருத்தத்தைத் தரும். கழிவறைக்குப் போய் வருவது வேறு. அதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். துணைவியாரின் நிலையைக் கருதினால் தொயோசு வரிசையை விட்டுவிடுங்கள் என்பதே என் அறிவுரை.

அப்படியும் போவதாக இருந்தால் நாளைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஞாயிறு, அரசு விடுமுறை நாட்கள், இவை தவிரச் சில புதன்கிழமைகளிலும் சந்தை மூடியிருக்கும். அந்த நாட்காட்டியைப் பாராமல் சென்று திரும்புபவர்கள் பலர். யுரிகாமொமே ரயில் தடத்தில் ஷிஜோ-மாயே நிலையத்தில் இறங்கினால் சந்தைக் கட்டடங்களுக்கு மேம்பால நடைபாதை உண்டு. முதல் ரயிலில் வந்தாலும் உங்களுக்கு முன்பே டாக்சியில் வந்தவர்கள் நின்றுகொண்டிருப்பார்கள் என்பதையும், பிற்பகல் தொடங்கும்போது கடைகள் மூடத் தொடங்கிவிடும் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். டிசம்பர் கடைசியில் ஆண்டிறுதிக் கொள்முதலுக்காகச் சந்தை வட்டாரமே நெரிசலாக இருக்கும். பிறகு புத்தாண்டு விடுமுறைக்கு மூடிவிடுவார்கள்.

வெண்ணிலவன் எழுதியது:

கனசாவாவுக்குப் போகிறவர் டோக்கியோவில் வரிசையில் நிற்கத் தேவையே இல்லை என்பது என் உறுதியான கருத்து. ஜப்பானில் சுஷி டோக்கியோவில் மட்டும் இல்லை. பல வகை மீன்கள் பிடிபடும் ஊரிலேயே உண்ணும்போது விலையிலும் கூட்டத்திலும் வேறுபாடு மலைக்கும் மடுவுக்கும் உள்ளது போலத் தெரியும்.

நீங்கள் செல்லவிருக்கும் காலம் மிகச் சிறந்தது. கனசாவா அமைந்த இஷிகாவா மாவட்டத்தின் கடற்பகுதியில் பனி நண்டுப் பருவம் நவம்பர் 6 அன்று தொடங்குகிறது. சிறிய பெண் நண்டு டிசம்பர் இறுதி வரைதான் கிடைக்கும். நொதொகுரோ என்னும் கொழுப்பு மிகுந்த மீனின் தோலைத் தீயில் இலேசாக வாட்டிச் சோற்றின்மேல் வைத்துத் தருவார்கள். இனிப்பு இறாலும், பூரி என்னும் குளிர்கால மீனும் அந்தக் கடலில் பெயர்பெற்றவை. ஆனால் கனசாவாவிலும் ஒரு பொறி இருக்கிறது. ஓமிச்சோ சந்தையில் பகல் பதினொன்றரை மணிக்கு மேல், பயணிகள் அறிந்த கடைகளின் முன் டோக்கியோவுக்கு நிகரான வரிசை உருவாகிவிடும். சந்தையைக் காலையில் சுற்றிப் பாருங்கள். உண்பதற்குக் கடை திறக்கும் நேரத்திலேயே போய் அமருங்கள், அல்லது சந்தையை விட்டு நகருக்குள் நடந்து, குடியிருப்புப் பகுதியில் உள்ள சிறு கடை ஒன்றில் விடுதி வழியாக முன்பதிவு செய்துகொள்ளுங்கள். டோக்கியோவில் வாரக்கணக்கில் முயன்றாலும் கிடைக்காத இடம், அங்கே இரண்டு மூன்று நாட்களுக்கு முன் கேட்டாலும் கிடைக்க வாய்ப்புண்டு.

டோக்கியோவிலிருந்து கனசாவா செல்லும் ஷிங்கான்சென் அதிவேக ரயில், தொயாமா வழியாகத்தான் போகிறது. அங்கே இறங்கி ஒரு பகல் உணவை முடித்துக்கொள்ள முடியும் என்றால் நான் அதையே முதலில் பரிந்துரைப்பேன். தொயாமா விரிகுடா கரையை ஒட்டியே சட்டென்று ஆழமாவதால், மீன்பிடிப்பு நடக்கும் இடமும் துறைமுகமும் மிக அருகருகே இருக்கின்றன. அந்த மாவட்டத்துச் சுஷிக் கடைகள் பல ஒன்றுசேர்ந்து, விரிகுடாவில் பிடித்த மீன்களைக் கொண்டு பத்துச் சுஷிகளும் ஒரு சூப்பும் அடங்கிய தொகுப்பை வழங்குகின்றன. விலையும் உள்ளடக்கமும் முன்கூட்டியே தெரிந்திருப்பதால், மொழி தெரியாத பயணிக்கு அச்சமே இல்லை. கண்ணாடி போன்ற வெள்ளை இறால் அந்த விரிகுடாவின் பெருமை. பக்கத்தில் உள்ள ஹிமி துறைமுகத்தில் குளிர்காலத்தில் இறங்கும் பூரி மீனுக்கு நாடெங்கும் தனி மதிப்பு. டிசம்பரில் போகிறவர் அதை உண்ணாமல் வரக் கூடாது.

வடக்கே செல்பவர்களுக்காக இதையும் சேர்த்துக்கொள்கிறேன். செண்டாய்க்கு அருகில், உள்ளூர் ரயிலில் அரை மணி நேரத் தொலைவில் உள்ள ஷியோகாமா, சிறிய பரப்பில் சுஷிக் கடைகள் நெருங்கி அமைந்த துறைமுக ஊர். இலையுதிர்காலத்தில் அங்கே வந்திறங்கும் பெருங்கண் சூரையை விரும்பியே பலர் போகிறார்கள். ஊனி என்னும் கடல் முள்ளெலியை நாடுபவர் ஹொக்கைடோவின் ஷகோதான் தீபகற்பத்துக்குக் கோடையில் போக வேண்டும். வேறு பருவத்தில் அதற்காக எந்த வரிசையில் நின்றாலும் பயன் குறைவே.

அலைமகள் எழுதியது:

விடியல் அவர்களின் நேர்மையான வாயில் என்ற வாதம் என்னைச் சிந்திக்க வைத்தது. அறிமுகமும் அட்டையும் இல்லாதவர்க்குத் திறந்திருக்கும் கதவு என்பதில் ஓர் அறம் இருக்கிறது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் அவர் நாடுகிற அந்தக் கணத்துக்கு, கண்ணெதிரே பிடித்துக் கையோடு உண்பதற்கு, மூன்று மணி நேர வரிசையும் முப்பதாயிரம் யென் இரவு விருந்தும் மட்டுமே வழிகள் அல்ல. இரண்டுக்கும் நடுவே பெரியதோர் உலகம் இருக்கிறது.

இரவில் மிகுந்த விலை சொல்லும் கடைகள் பலவும் பகலில் அதில் பாதிக்கும் குறைவான விலையில் உணவளிக்கின்றன; வார நாட்களில் பகல் முன்பதிவு கிடைப்பதும் எளிது. நின்றுகொண்டே உண்ணும் சுஷிக் கடைகள் ஷிபுயா, ஷிஞ்ஜுகு போன்ற பகுதிகளில் இருக்கின்றன. அங்கே ஒவ்வொரு சுஷியாகக் கேட்டு, பிடித்துக் கொடுத்ததும் உண்டு, பதினைந்து நிமிடங்களில் புறப்படலாம். சுஷி தொடக்கத்தில் அப்படித்தான் இருந்தது. 1820-களில் எடோ நகரில் ஹனயா யோஹெய் கையால் பிடித்த சுஷியைப் பரப்பிய காலத்தில், அது தெருவோரக் கடையில் நின்றபடியே இரண்டு வாய் உண்டுவிட்டு நடையைக் கட்டும் மக்களின் உணவு. காத்திருக்க நேரம் இல்லாதவர்களுக்காகப் பிறந்த உணவுக்கு அரை நாள் காத்திருக்க வேண்டியிருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமளிக்கிறது.

இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. மூன்று மணி நேரம் நின்றவர் எழுதும் மதிப்புரையை நான் முழுமையாக நம்புவதில்லை. அவர் பொய் சொல்கிறார் என்பதல்ல. அவ்வளவு நேரத்தையும் உழைப்பையும் கொடுத்த பின், உணவு ஓரளவு நன்றாக இருந்தாலே மனம் அதை மிகச் சிறந்தது என்று ஏற்றுக்கொள்கிறது. கடும் பசியும் சேர்ந்துகொள்கிறது. அந்த மதிப்புரையைப் படித்து அடுத்தவர் வந்து நிற்கிறார். வரிசை தன்னைத் தானே வளர்த்துக்கொள்கிறது.

விடியல் எழுதியது:

மதிப்புரை பற்றிச் சொன்னது முற்றிலும் சரி. நின்றுண்ணும் கடைகளை நானும் விரும்புகிறேன். ஆனால் ஒன்றில் மட்டும் வேறுபடுகிறேன். நின்றுண்ணும் கடையில் எதைக் கேட்பது என்பது நமக்கே தெரிந்திருக்க வேண்டும். பொறுப்பைச் சுஷி பிடிப்பவரிடம் விட்டுவிடும் முறையில், அன்று எது நன்றாக இருக்கிறது என்பதை அவர் தெரிவு செய்கிறார். மென்மையான வெள்ளை மீனில் தொடங்கி, கொழுத்த சூரைக்குச் சென்று, கடல் விலாங்கிலும் முட்டையிலும் முடிக்கும் அந்த ஒழுங்கில் ஒரு கல்வி இருக்கிறது. முதன்முதலாக உண்பவருக்கு அதை ஒரு முறையேனும் பெற்றுவிடுவது நல்லது. பின்னர் வாழ்நாள் முழுவதும் எங்கே போனாலும் தெரிந்து கேட்கலாம். அந்தக் கல்வியைப் பகல் முன்பதிவில் பெற முடியும் என்றால் நெடுவழி அவர்கள் அங்கேயே போகட்டும். வலியோடு ஒருவரை நிறுத்தி வைத்து உண்ண வேண்டிய உணவு உலகில் எதுவும் இல்லை. முன்பதிவு கிடைக்காத, தனியாகச் செல்லும், இளவயதுப் பயணிக்கு மட்டும் நான் வரிசையையே சொல்வேன். தனியாகப் போவோருக்கு ஒரு வசதியும் உண்டு: இருவர் மூவராக அமர்த்திய பின் எஞ்சும் ஒற்றை இருக்கைக்குச் சில கடைகளில் முன்னதாகவே அழைத்துவிடுவார்கள்.

கயல்விழி எழுதியது:

ஓர் எல்லையை வகுத்துக்கொள்வது நல்லது என்று நினைக்கிறேன். வரிசையின் முடிவில் போய் நின்றவுடன், முன்னால் உள்ளவர்களை எண்ணி, இருக்கைகளால் வகுத்து, அலைமகள் சொன்னது போல் சுற்றுகளைக் கணக்கிடுங்கள். இரண்டு சுற்றுகளுக்குள் இடம் வரும் என்றால் நில்லுங்கள். அதற்கு மேல் என்றால் அப்போதே விலகிவிடுங்கள். ஒரு மணி நேரம் நின்ற பிறகு விலக மனம் வராது. அதனால் முடிவை முதல் ஐந்து நிமிடங்களில் எடுத்துவிட வேண்டும். விலகினால் எங்கே போவது என்பதையும் முன்பே குறித்து வைத்திருங்கள். இல்லையென்றால் பசியோடு அலைந்து, நிலையத்துக்குள் கண்ணில் பட்ட முதல் கடையில் நுழைந்துவிடுவீர்கள்.

நெடுவழி எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. எங்கள் திட்டத்தை மாற்றி அமைத்துவிட்டோம். தொயோசு வரிசையைக் கைவிட்டோம். சந்தையைப் பார்க்க வேண்டும் என்ற ஆசைக்காக ஏலக் குலுக்கலுக்கு மட்டும் விண்ணப்பிக்கிறோம், கிடைக்காவிட்டால் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவோம். டோக்கியோவில் வார நாள் ஒன்றின் பகல் உணவுக்குக் கின்சாவில் முன்பதிவு கேட்கும்படி விடுதிக்கு எழுதியிருக்கிறேன். கிட்டே கட்டடத்தில் ஒரு மாலை சீட்டு எடுத்துவிட்டு அகழி வரை நடப்பது என்ற யோசனை துணைவியாருக்கு மிகவும் பிடித்துவிட்டது. கனசாவா செல்லும் வழியில் தொயாமாவில் இறங்குகிறோம்.

வெண்ணிலவன் அவர்களிடம் ஒரு கேள்வி மட்டும் மிஞ்சியிருக்கிறது. அந்தப் பத்துச் சுஷித் தொகுப்பைத் தொயாமா நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவிலேயே உண்ண முடியுமா, அல்லது ஹிமி வரை போவதுதான் சிறந்ததா?

வெண்ணிலவன் எழுதியது:

நிலையத்தின் சுற்றுப்புறத்திலேயே உண்ணலாம். பெட்டிகளை நிலையத்துப் பூட்டறையில் வைத்துவிட்டு நடந்தே போகலாம். ஹிமிக்குப் போவதென்றால் ரயில் மாறிச் செல்ல வேண்டும், அரை நாளுக்கு மேல் ஆகும். அங்கே இறங்கும் பூரி, தொயாமா நகரக் கடைகளுக்கும் வருகிறது. கடையில் அமர்ந்ததும் அன்றைக்கு ஹிமிப் பூரி வந்திருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். கடல் கொந்தளிப்பாக இருக்கும் நாட்களில் படகுகள் போகாமல் இருக்கவும் கூடும்.